மளிகைச் செலவு கட்டுக்குள் நிற்கவில்லையா? அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டறியும் வழிமுறை

மளிகைச் செலவைக் குறைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கைவைப்பது பொருளின் தரத்தில்தான். வழக்கமாக வாங்கும் அரிசியை விட்டு மலிவான அரிசிக்கு மாறுகிறார்கள். பழகிய சோப்பை விட்டு வேறொன்றை எடுக்கிறார்கள். இரண்டு மாதம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பார்த்த பிறகும் பில் தொகை பழைய இடத்திலேயே நிற்கும்போது, இது நம்மால் ஆகாத காரியம் என்று சோர்ந்துபோகிறார்கள். கடுகு போகிற இடத்தை ஆராய்ந்துவிட்டுப் பூசணிக்காய் போகிற இடத்தைக் கவனியாமல் விடுவது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

என் வீட்டிலும் இப்படி ஓர் ஆண்டு கழிந்தது. காப்பித்தூளிலும் சோப்பிலும் மிச்சம் பிடித்துக்கொண்டிருந்த நாட்களில், உண்மையான ஓட்டை ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் இருந்தது. ஒரு நாள் அந்தத் தட்டை முழுவதுமாக வெளியே இழுத்துப் பார்த்தேன். அடியில் இருந்த பிளாஸ்டிக் பைக்குள் ஒரு கட்டுக் கீரை கறுத்துக் கூழாகியிருந்தது. அதன் பக்கத்தில் பாதி வெட்டிய முட்டைகோஸ் ஒன்று ஓரம் காய்ந்து கிடந்தது. இரண்டுக்கும் மேலே, அதே வாரம் வாங்கிய புதிய கீரைக்கட்டு இருந்தது. மலிவான சோப்பு வாங்கியதால் அந்த ஓட்டை அடைபடவில்லை. அன்றிலிருந்து, எதையும் குறைப்பதற்கு முன்னால் பணம் எந்த வழியாகப் போகிறது என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். கீழே இருப்பவை அந்த வழக்கத்திலிருந்து வந்தவை. உங்கள் வீட்டில் தென்படும் அறிகுறி எதுவோ அதற்குரிய பகுதியை மட்டும் படித்தாலே போதும். ஆனால் அதற்கு முன்பு செய்யவேண்டிய ஒரு சோதனையை யாரும் தாண்டிப் போகக்கூடாது.

முதலில் செய்யவேண்டிய சோதனை

நான்கு வாரங்களுக்கு எல்லா ரசீதுகளையும் ஒரே உறையில் சேர்த்து வையுங்கள். ரசீது தராத இடத்தில் வாங்கியிருந்தால், பொருளையும் எடையையும் தொகையையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி அதே உறையில் போடுங்கள். நான்காம் வார இறுதியில் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் ஒரு குறி இடுங்கள். முழுவதும் பயன்பட்டதற்கு ஒரு சரிக்குறி, வாங்கி இன்னும் தொடப்படாமல் இருப்பதற்கு ஒரு வட்டம், கெட்டுப்போய்த் தூக்கி எறிந்ததற்கு ஒரு பெருக்கல் குறி, வீட்டிலிருந்து கிளம்பும்போது வாங்கும் எண்ணமே இல்லாததற்கு ஒரு கோடு. ஒரே பொருளுக்கு இரண்டு குறிகள் விழலாம், அதில் தவறில்லை.

பிறகு குறிவாரியாகத் தொகையைக் கூட்டுங்கள். பெருக்கல் குறியின் தொகை பெரிதாக இருந்தால் உங்கள் பிழை சேமித்து வைக்கும் முறையில் இருக்கிறது. கோட்டின் தொகை பெரிதாக இருந்தால் கடைக்குப் போகும் முறையில் இருக்கிறது. வட்டம் பெரிதாக இருந்தால் தள்ளுபடியிலோ மொத்தக் கொள்முதலிலோ இருக்கிறது. ஏறத்தாழ எல்லாமே சரிக்குறியாக இருந்தும் தொகை கூடுதலாகத் தோன்றினால் மட்டுமே விலையைச் சந்தேகிக்க வேண்டும். உணவுப் பொருட்களையும், துணி துவைக்கும் தூள், பற்பசை போன்ற மற்றப் பொருட்களையும் தனித்தனியாகக் கூட்டுவது நல்லது. ஒரே பில்லில் வருவதால் இரண்டையும் சாப்பாட்டுச் செலவு என்றே நாம் நினைத்துவிடுகிறோம்.

அறிகுறி: பட்டியல் பழையதுதான், தொகை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது

விலைவாசி ஏறிவிட்டது என்று உடனே முடிவுகட்டிவிட வேண்டாம். ஆறு மாதத்துக்கு முந்தைய ரசீதையும் இன்றைய ரசீதையும் அருகருகே வைத்து, விலையை மட்டுமல்லாமல் எடையையும் ஒப்பிடுங்கள். 500 கிராம் இருந்த பாக்கெட் அதே விலையில், அதே நிறத்தில், அதே உயரத்தில் 450 கிராமாகியிருக்கலாம். எடை குறைந்தது 10 விழுக்காடு. ஆனால் ஒரு கிராமுக்கு நீங்கள் கொடுக்கும் விலை ஏறியது 11 விழுக்காட்டுக்குச் சற்று மேல். பாக்கெட் முன்கூட்டியே தீர்ந்துபோவதால் மாதத்தில் ஒரு பாக்கெட் கூடுதலாக வாங்குகிறீர்கள். பட்டியல் மாறாமல் தொகை ஏறுவதற்கு இது மிகச் சாதாரணமான காரணம்.

இதைப் பிடிப்பதற்கு ஒரே கருவி அலகு விலை, அதாவது 100 கிராமுக்கோ ஒரு கிலோவுக்கோ ஒரு லிட்டருக்கோ விழும் விலை. விலையை நிகர எடையால் வகுத்தால் அது கிடைத்துவிடும். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்ற நம்பிக்கையை இந்தக் கணக்கு பலமுறை பொய்யாக்கும். 450 கிராம் பாக்கெட்டின் விலை 90 என்றும் ஒரு கிலோ பாக்கெட்டின் விலை 210 என்றும் வைத்துக்கொள்வோம்; சிறியதில் 100 கிராம் 20-க்கும் பெரியதில் 21-க்கும் விழுகிறது. அலமாரியில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டில் அலகு விலை அச்சிட்டிருந்தால், இரண்டு சீட்டுகளிலும் ஒரே அலகு இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் 100 கிராமுக்கும் மற்றொன்றில் ஒரு எண்ணிக்கைக்கும் விலை போட்டிருந்தால் அந்த ஒப்பீடு உதவாது. கைப்பேசியில் நீங்களே வகுத்துப் பார்க்க வேண்டியதுதான்.

எண்ணெய் விஷயத்தில் சற்று நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் இங்கேதான் கவனமானவர்களும் ஏமாறுகிறார்கள். சமையல் எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 920 கிராம்தான் இருக்கும். ஆகவே ஒரு லிட்டர் பாக்கெட்டும் ஒரு கிலோ பாக்கெட்டும் ஒன்றல்ல. லிட்டர் பாக்கெட் 184-க்கும் கிலோ பாக்கெட் 195-க்கும் விற்கிறது என்று கொள்வோம். பார்வைக்கு லிட்டர் மலிவாகத் தோன்றும். 184-ஐ 0.92-ஆல் வகுத்தால் அதன் விலை கிலோவுக்கு 200 ஆகிறது. உண்மையில் மலிவானது கிலோ பாக்கெட்தான். எண்ணெயை வாங்கும்போது பாக்கெட்டின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் நிகர எடையைப் படியுங்கள். கிராமையும் கிராமையும் மட்டும் ஒப்பிடுங்கள். டின்னில் அடைத்து வரும் பொருட்களிலும் இதே எச்சரிக்கை தேவை. அவற்றில் மொத்த எடை வேறு, நீரை வடித்த பின் இருக்கும் எடை வேறு. நீங்கள் உண்ணப்போவது இரண்டாவதை.

எல்லாப் பொருளுக்கும் இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க யாராலும் முடியாது, தேவையும் இல்லை. உங்கள் செலவில் பெரும்பங்கை விழுங்குவது பதினைந்து அல்லது இருபது பொருட்களாகத்தான் இருக்கும். ஒரு சிறிய நோட்டில் அவற்றின் பெயரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நீங்கள் கண்ட மிகக் குறைந்த அலகு விலையையும் தேதியையும் குறித்துக்கொண்டால் போதும். மூன்று மாதத்தில் அந்த நோட்டே எது நியாயமான விலை என்று சொல்லத் தொடங்கிவிடும்.

அலகு விலை உண்மையாகவே ஏறியிருந்தால், அளவைக் குறைப்பதற்கு முன்னால் மாற்றுப் பொருள் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பயறு விலை ஏறினால் இன்னொரு பயறு, பருவம் தப்பிய காய்க்குப் பதில் பருவத்தில் விளையும் காய் என்று மாற்றினால் சத்தும் குறையாது. உப்பு, சர்க்கரை போன்ற ஒரே உட்பொருள் கொண்டவற்றில் விளம்பரப் பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதே இல்லை என்பது என் உறுதியான கருத்து. பல பொருட்கள் கலந்தவற்றில் மட்டும் உட்பொருள் பட்டியலைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத் தர விதிகளின்படி, எடை மிகுதியான உட்பொருள் முதலிலும் குறைவானது கடைசியிலுமாக அந்தப் பட்டியல் அமைய வேண்டும். விலை குறைந்த மாற்றுப் பொருளின் பட்டியலும் நீங்கள் வழக்கமாக வாங்குவதன் பட்டியலும் ஒரே வரிசையில் இருந்தால் தயங்காமல் மாறலாம். மலிவானதில் முதல் இடத்தை மாவோ சர்க்கரையோ பிடித்திருந்தால் அந்த மலிவுக்குக் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

அறிகுறி: ஒரே ஒரு பொருள் வாங்கப் போய்ப் பை நிறையக் கொண்டுவருகிறோம்

உறையில் இருக்கும் ரசீதுகளை எண்ணுங்கள். நான்கு வாரத்தில் 16 ரசீதுகள் இருந்து, ஒவ்வொன்றிலும் கோடு விழுந்த பொருட்கள் சராசரியாக 60-க்கு இருந்தால், எண்ணத்தில் இல்லாத கொள்முதல் மட்டும் 960 ஆகிறது. இதைச் சரிசெய்ய மன உறுதியை நம்புவதைவிட, கடைக்குப் போகும் தடவைகளைக் குறைப்பது எளிது. வாரத்துக்கு ஒரு முறை என்று வைத்துக்கொண்டால், பழக்கம் எதையும் மாற்றாமலேயே அந்தத் தொகை கால் பங்குக்கு வந்துவிட வாய்ப்பிருக்கிறது. பால் போன்று அடிக்கடி தேவைப்படுவதற்கு அதை மட்டும் விற்கும் இடத்தை நாடினால், மற்ற அலமாரிகளைக் கடந்து போகவேண்டிய தேவை இருக்காது.

தள்ளுவண்டி எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொள்வது இங்கே பயன்படும். அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் மளிகைக் கடைகள் நடத்திய சில்வன் கோல்ட்மேன், கையில் இருக்கும் கூடை கனத்தவுடன் வாடிக்கையாளர்கள் வாங்குவதை நிறுத்திவிடுவதைக் கவனித்து, 1937-ஆம் ஆண்டு சக்கரம் வைத்த வண்டியை அறிமுகப்படுத்தினார். கை வலிப்பதே ஒரு எல்லையாக இருந்தது. வண்டி அந்த எல்லையை அகற்றியது. சில பொருட்கள் மட்டும் தேவைப்படும் நாளில் வண்டியை விட்டுவிட்டுக் கைக்கூடையை எடுங்கள். எல்லை தானாகத் திரும்பிவிடும்.

பட்டியல் எழுதிக்கொண்டு போயும் இதே நிலை என்றால், பட்டியல் எப்படி எழுதப்பட்டது என்று பாருங்கள். கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் நினைவிலிருந்து எழுதிய பட்டியலில் பாதி விடுபட்டிருக்கும். விடுபட்டதைக் கடையில் நினைவுபடுத்திக்கொள்ள ஒவ்வொரு அலமாரியாகச் சுற்றுவோம். சுற்றும்போது கோடு விழும் பொருட்கள் வண்டியில் ஏறும். சமையலறையில் ஒரு தாளை ஒட்டிவைத்து, எந்த டப்பா கால்பங்குக்கு வருகிறதோ அந்த நேரத்திலேயே அதன் பெயரை எழுதும் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் வந்துவிட்டால் இந்தச் சிக்கல் தீரும். பசியோடு கடைக்குப் போகாதீர்கள். குழந்தைகளை அழைத்துப்போக நேர்ந்தால், அவர்கள் விருப்பப்படி ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கலாம் என்று வீட்டிலேயே சொல்லி, அதையும் பட்டியலில் ஒரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் மறுத்து மறுத்துச் சோர்ந்து கடைசியில் நான்கு பொருட்களுக்கு இசைவதைவிட இது எல்லோருக்கும் நிம்மதி தரும்.

அறிகுறி: தள்ளுபடியில்தான் வாங்குகிறோம், ஆனாலும் மாதக் கடைசியில் துண்டு விழுகிறது

தள்ளுபடியின் உண்மையான அளவு அறிவிப்பில் பெரிதாகத் தெரியும் எண்ணைவிடக் குறைவாகவே இருக்கும் பல வகைகள் உண்டு. 25 விழுக்காடு கூடுதல் என்று அச்சிட்ட பாக்கெட்டில் உங்களுக்குக் கிடைக்கும் விலைக்குறைப்பு 20 விழுக்காடுதான், ஏனென்றால் 125 கிராமுக்கு 100 கிராமின் விலையைக் கொடுக்கிறீர்கள். இரண்டாவது பாக்கெட் பாதி விலை என்பது இரண்டும் சேர்ந்து 25 விழுக்காடு. 20 விழுக்காடு தள்ளுபடி, அதன்மேல் இன்னொரு 10 விழுக்காடு என்றால் மொத்தம் 30 அல்ல, 28. இரண்டாவது தள்ளுபடி ஏற்கெனவே குறைந்த விலையின் மீதுதான் கணக்கிடப்படுகிறது. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்பது மூன்றில் ஒரு பங்கு குறைப்பு. மூன்றையும் பயன்படுத்தினால் மட்டும். மூன்றில் ஒன்று காலாவதியாகிப்போனால் மிச்சம் பூச்சியம், ஒன்றே போதும் என்றிருந்த வீட்டில் அது நஷ்டம்.

ஆகவே தள்ளுபடிப் பொருளைக் கையில் எடுத்ததும் கேட்டுக்கொள்ளவேண்டியது எவ்வளவு மிச்சம் என்பதல்ல. தள்ளுபடி இல்லாமல் இருந்திருந்தால் இந்த மாதம் இதை வாங்கியிருப்போமா என்பதுதான். ஆம் என்றால், காலாவதி தேதிக்குள் தீர்ந்துபோகும் அளவுக்கு வாங்கி வையுங்கள், தயக்கம் வேண்டாம். இல்லை என்றால் அதை அப்படியே வைத்துவிடுங்கள். வழக்கமான விலை என்று அடித்துக் காட்டியிருக்கும் எண்ணையும் அப்படியே நம்பவேண்டாம்; மேலே சொன்ன நோட்டு கையில் இருந்தால், அந்தப் பழைய விலையில் அந்தப் பொருள் எப்போதாவது விற்றதா என்று ஒரு நொடியில் தெரியும். கடைகள் தரும் உறுப்பினர் அட்டைகளில் சேரும் பாயின்ட்டுகளைப் பொறுத்தவரை, அவை எத்தனை விழுக்காட்டுக்குச் சமம் என்று ஒரு முறை வகுத்துப் பாருங்கள். அலகு விலை 5 விழுக்காடு அதிகமாக இருக்கும் கடையில் 1 விழுக்காடு பாயின்ட்டுக்காக வாங்குவதில் பொருள் இல்லை.

அறிகுறி: வாங்கியது சமைப்பதற்கு முன்பே கெட்டுப்போகிறது

இந்தப் பிழைதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகப் பணத்தை விழுங்குகிறது என்பது என் அனுபவம். உலக அளவிலும் இதன் அளவு பெரிது. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலுமாக வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 விழுக்காடு, அதாவது சுமார் 63 கோடி டன், வீடுகளில் வீணானது. ஆளுக்குக் கணக்கிட்டால் வீட்டில் வீணாகும் உணவு ஆண்டுக்கு 79 கிலோ.

வீணாவதை விலையாக மாற்றிப் பார்த்தால்தான் அது உறைக்கும். கிலோ 60 என்று வாங்கிய தக்காளியில் 250 கிராம் அழுகிப்போனால், சமைத்த 750 கிராமுக்கு நீங்கள் 60 கொடுத்திருக்கிறீர்கள்; அதாவது கிலோ 80. கடையில் 62 சொன்னவரிடம் பேரம் பேசி 60-க்கு வாங்கிய உழைப்பெல்லாம் இதில் கரைந்துவிடுகிறது.

சரிசெய்வதற்கு முதலில் எது கெடுகிறது, எப்படிக் கெடுகிறது என்று பிரித்துப் பாருங்கள். கீரையும் கொத்துத் தழைகளும் கூழானால் காரணம் ஈரம். கடையிலிருந்து வந்த ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் இரண்டு நாளில் அழுகத் தொடங்கிவிடும். நீரை உதறி, உலர்ந்த பருத்தித் துணியிலோ தாளிலோ சுற்றி, தளர்வான பையிலோ மூடியிட்ட டப்பாவிலோ வைத்தால் அதே கீரை பல நாட்கள் கூடுதலாக நிற்கும். துணி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், டப்பா வாடாமல் காக்கும். கழுவுவதைச் சமைக்கும் நேரத்துக்குத் தள்ளிவையுங்கள்.

காய்கள் கூழாகாமல் மஞ்சளித்தோ கசந்தோ போனால், பக்கத்தில் எந்தப் பழம் இருந்தது என்று பாருங்கள். வாழைப்பழம், ஆப்பிள், பழுத்த தக்காளி ஆகியவை பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை வெளிவிடுகின்றன. அந்த வாயு பக்கத்திலிருக்கும் கீரையை மஞ்சளாக்கும், வெள்ளரியைச் சீக்கிரம் முதிர்த்துவிடும், கேரட்டைக் கசக்க வைக்கும். பழக்கூடையையும் காய்கறித் தட்டையும் பிரித்துவிட்டால் போதும். இதற்கு ஒரு காசும் செலவில்லை. உருளைக்கிழங்கும் வெங்காயமும் ஒரே கூடையில் இருந்தால் அவற்றையும் பிரியுங்கள். உருளைக்கிழங்குக்கு இருட்டும் காற்றோட்டமும் தேவை. வெளிச்சம் பட்டால் அது பச்சையாகும், பச்சையான இடத்தில் சோலனின் என்ற நச்சுப்பொருள் சேரும். பிரெட்டை ஃபிரிட்ஜில் வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அந்தக் குளிரில் பிரெட் வெளியே இருப்பதைவிட விரைவாக விறைத்துப்போகும். இரண்டு நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டுமென்றால் துண்டுகளைப் பிரித்து ஃப்ரீசரில் வைப்பதே சரி.

பாலும் சமைத்த உணவும் அடிக்கடி புளித்துப்போனால் ஃபிரிட்ஜையே சோதிக்க வேண்டும். உள்ளே 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயும், ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியிலும் வெப்பநிலை இருக்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரில் வெப்பமானியைப் போட்டு நடுத்தட்டில் ஓர் இரவு வைத்துக் காலையில் பாருங்கள். கதவில் இருக்கும் தட்டு, திறக்கும்போதெல்லாம் வெளிக்காற்று படும் இடம். அங்கே பாலை வைக்கவேண்டாம், ஊறுகாயும் சாஸும் வைக்கலாம். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள். ஆழமான பாத்திரத்தில் அப்படியே வைத்தால் நடுப்பகுதி குளிர நெடுநேரமாகும் என்பதால், அகலமான சிறு பாத்திரங்களில் பிரித்து வையுங்கள்.

தானியத்தில் வண்டு விழுந்தால், பெரும்பாலும் முட்டை கடையிலிருந்தே வந்திருக்கும். புதிதாக வாங்கியதைக் காற்றுப் புகாத பையில் கட்டி, நான்கு நாட்கள் ஃப்ரீசரில் வைத்தெடுத்து, பை அறை வெப்பத்துக்கு வந்த பின் பிரித்து, நன்கு உலர்ந்த டப்பாவில் கொட்டுங்கள். பழைய தானியத்தின் மேல் புதியதைக் கொட்டும் பழக்கத்தை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அடியிலிருக்கும் பழையது ஒருபோதும் தீராது, பூச்சியும் போகாது.

கெடாத பொருளைத் தேதி பார்த்து எறிவதும் இதே பிழையின் மற்றொரு முகம். இந்தத் தேதிக்கு முன் மிகச் சிறந்தது என்ற பொருள்படும் குறிப்பு சுவையையும் மணத்தையும் பற்றியது. ஒழுங்காகச் சேமித்த உலர் பொருளை அந்தத் தேதி தாண்டியும் பார்த்து, முகர்ந்து, சரியாக இருந்தால் பயன்படுத்தலாம். இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும் என்பது உடல்நலத்தைப் பற்றியது. இறைச்சி, மீன் போன்றவற்றில் அந்தத் தேதி தாண்டினால் எறிந்துவிட வேண்டும். இரண்டையும் ஒன்றாக நினைத்தால் நல்ல பொருள் குப்பைக்குப் போகும், அல்லது கெட்ட பொருள் வயிற்றுக்குப் போகும். மருத்துவச் செலவு எந்த மளிகை மிச்சத்தையும்விடப் பெரிது என்பதால், சந்தேகம் வந்த இறைச்சியைச் சிக்கனத்தின் பெயரால் யாருக்கும் பரிமாறாதீர்கள்.

எல்லாம் சரியாகச் சேமித்தும் மிஞ்சுகிறது என்றால், சமைக்கும் ஒழுங்கை மாற்றுங்கள். வாங்கி வந்த முதல் இரண்டு நாட்களில் கீரையும் மென்மையான காய்களும், அடுத்து பீன்ஸ், முட்டைகோஸ் வகை, கடைசியில் கிழங்கும் பூசணியும் என்று சமைத்தால் வாரக் கடைசியில் தட்டு தானாகக் காலியாகும்.

அறிகுறி: வீட்டில் இருக்கும் பொருளையே மறுபடி வாங்கிவிடுகிறோம்

அலமாரி ஆழமாக இருக்கிறது, அல்லது டப்பாக்கள் உள்ளே இருப்பதைக் காட்டுவதில்லை. வேறு காரணம் அநேகமாக இருக்காது. ஒரு பொருளுக்கு ஓர் இடம், ஒரு திறந்த பாக்கெட், ஒரு இருப்புப் பாக்கெட் என்று வையுங்கள். இருப்பைத் திறக்கும் அன்று பட்டியலில் எழுதுங்கள். கடைக்குக் கிளம்புமுன் அலமாரியையும் ஃபிரிட்ஜையும் திறந்து கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால், கடையில் சந்தேகம் வரும்போது அதைப் பார்க்கலாம்.

அறிகுறி: மொத்தமாக வாங்கத் தொடங்கியபின் செலவு கூடிவிட்டது

மொத்தமாக வாங்குவது நல்லதா என்ற கேள்விக்கு ஒரு சிறிய கணக்கு விடை சொல்லும். விலையில் கிடைக்கும் தள்ளுபடி விழுக்காட்டைவிட, வீணாகும் விழுக்காடு குறைவாக இருந்தால் மட்டுமே லாபம். பெரிய மூட்டை 8 விழுக்காடு மலிவாகக் கிடைத்து, அதில் 10 விழுக்காடு கெட்டுப்போனால், உண்மையில் 2 விழுக்காட்டுக்குச் சற்று மேல் அதிக விலை கொடுத்திருக்கிறீர்கள். இந்தக் கணக்கு கண்ணுக்குத் தெரியாத ஒன்றை விட்டுவிடுகிறது: டப்பா நிறைந்திருக்கும்போது கை தாராளமாகிவிடும். எண்ணெய், சர்க்கரை, நொறுக்குத் தீனி மூன்றிலும் இது நிச்சயம் நடக்கும். மூட்டையிலிருந்து ஒரு வார அளவை மட்டும் சிறிய டப்பாவுக்கு மாற்றி, மீதியைக் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தால் பயன்பாடு பழைய அளவுக்கு வரும். பொடிகளையும் கொட்டை வகைகளையும் நான் மொத்தமாக வாங்குவதில்லை. ஒன்று மணம் இழக்கும், மற்றது சிக்கு வாடை அடிக்கும்.

தனியாக ஒரு மூட்டை அதிகம் என்று தோன்றினால், உறவினரோடோ பக்கத்து வீட்டாரோடோ சேர்ந்து வாங்கி எடைபோட்டுப் பிரித்துக்கொள்ளலாம். அன்றே பணத்தையும் தீர்த்துக்கொள்வது உறவுக்கு நல்லது.

அறிகுறி: வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஆப்பில் வாங்கத் தொடங்கியதும் தொகை கைமீறுகிறது

கூடையில் 430-க்குப் பொருள் இருக்கிறது, 500-க்கு மேல் வாங்கினால் கொண்டுவரும் கட்டணமான 40 இல்லை என்ற அறிவிப்பைக் கண்டதும் 70-க்கு ஏதாவது தேடுகிறோம். தேவையற்ற 70-ஐச் செலவழித்து 40-ஐக் காப்பாற்றினால் இழப்பு 30. எப்படியும் அடுத்த வாரம் வாங்கவேண்டிய, கெடாத பொருளைச் சேர்த்தால் மட்டும் இது லாபம். அவசரம் இல்லையென்றால், கூடையில் போட்டுவிட்டு ஓர் இரவு பொறுத்து மறுநாள் காலையில் பணம் கட்டுங்கள். சில பொருட்களை நீங்களே நீக்கிவிடுவீர்கள். கட்டணங்களையும், கடைவிலைக்கும் ஆப் விலைக்கும் உள்ள வித்தியாசத்தையும் ஒரு மாதம் தனியாகக் கூட்டிப் பார்த்து, அந்தத் தொகை நீங்கள் கடைக்குப் போய்வரும் நேரத்துக்கும் செலவுக்கும் ஈடாகுமா என்று முடிவெடுங்கள். நடமாடச் சிரமப்படும் முதியவர்களுக்கும், கைக்குழந்தை உள்ள வீட்டுக்கும் அந்தக் கட்டணம் நியாயமானதே. அதை வீண் செலவு என்று நான் சொல்லமாட்டேன்.

அறிகுறி: போட்ட கணக்கும் பில்லும் ஒத்துப்போகவில்லை

கடையை விட்டு வெளியேறுவதற்கு முன்பே பில்லைப் படியுங்கள். ஒரு முறை எனக்கு அலமாரிச் சீட்டில் இருந்த தள்ளுபடி விலை பில்லில் வரவில்லை. ஒரே பொருள் இரண்டு முறை பதிவாகியும் இருந்தது. காட்டியவுடன் திருத்திக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு பார்த்திருந்தால் அதற்காகத் திரும்பப் போயிருக்கமாட்டேன். எடைபோட்டு வாங்கும் பொருட்களில், தராசு பூச்சியத்தில் தொடங்குகிறதா, பாத்திரத்தின் எடை கழிக்கப்பட்டதா என்று பாருங்கள்.

அறிகுறி: எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் போதவில்லை

குறிகளெல்லாம் சரிக்குறி, அலகு விலையும் நியாயமானது, வீணாவதும் இல்லை என்ற நிலையிலும் பணம் போதாமல் போகலாம். ஜெர்மன் புள்ளியியல் அறிஞர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857-ஆம் ஆண்டு குடும்பச் செலவுக் கணக்குகளை ஆராய்ந்து, வருமானம் குறையக் குறைய அதில் உணவுக்குப் போகும் பங்கு கூடுகிறது என்று காட்டினார். வருமானம் குறைந்த வீட்டில் மளிகை பெரிய பங்கை எடுத்துக்கொள்வது இல்லத்தரசியின் தவறோ சமைப்பவரின் தவறோ அல்ல. அப்படிப்பட்ட வீட்டில் யாரும் யாரையும் இதற்காகக் குறைகூற வேண்டாம் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த நிலையில் குறைத்தே ஆகவேண்டும் என்றால் வரிசை முக்கியம். முதலில் உணவல்லாத பொருட்களைப் பாருங்கள். துவைக்கும் தூளையும் பாத்திரம் கழுவும் சோப்பையும் பலர் குறிப்பிட்ட அளவைவிட அதிகமாகவே பயன்படுத்துகிறார்கள், அளவுக்கரண்டி ஒன்று போட்டு வைத்தாலே குறையும். அடுத்து பாட்டில் பானங்கள், நொறுக்குத் தீனி, உடனே சமைக்கும் பாக்கெட்டுகள். அதற்கும் பிறகே இறைச்சியின் அளவு. அதன் இடத்தில் பயறும் முட்டையும் வரலாம். உலர்ந்த பயறு வெந்தபின் எடையில் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும் என்பதால், டின்னில் அடைத்து வரும் வெந்த பயறோடு ஒப்பிடும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். குழந்தைகளின் பாலிலும், காய்கறியின் அளவிலும், கர்ப்பிணிகளுக்கும் நோயாளிகளுக்கும் தேவையான உணவிலும் கைவைக்க வேண்டாம். அவற்றைத் தொடாமல் துண்டு விழும் தொகை எவ்வளவு என்று எழுதிக்கொண்டு, அந்த எண்ணோடு மின்கட்டணம், கைப்பேசிக் கட்டணம், சந்தாக்கள் ஆகியவற்றின் பில்களை இதே உறைமுறையில் நான்கு வாரம் சேர்த்துப் பாருங்கள்.